கேட் திறந்ததும் வருகிற புகை

எங்கள் காரில் எந்நேரமும் புகை வந்துகொண்டிருக்காது. எப்போதும் வந்திருந்தால் எனக்கு இத்தனை குழப்பம் இருந்திருக்காது. காலையில் முதல் தடவை சாவியைத் திருப்பும்போது ஒரு வாய் நீலமாகக் கக்கும். பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி சுத்தமாக ஓடும். சரி, தொலைந்தது என்று நினைத்துக்கொண்டே போனால் ரயில்வே கேட்டில் மானத்தை வாங்கும்.

கேட் மூடியிருக்கும் நேரம் முழுக்க அப்பா இன்ஜினை அணைக்க மாட்டார். அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்னவோ என்று பயம். ரயில் போய்க் கேட் மேலே ஏறியதும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். அந்த ஒரு மிதிக்கு எங்கள் பின்னால் நிற்கிற பைக்குகள் எல்லாம் காணாமல் போய்விடும்.

"பெரியவரே, கொசு மருந்து அடிக்கிறதுன்னா சாயங்காலமா வாய்யா! காலையில கொசு ஏது?"

அப்பா கண்ணாடியில் பார்க்காமலேயே போய்விடுவார். நான் உடன் இருந்தால் நானும் எதிரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தக் காருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மூன்று சிலிண்டர் வைத்த சின்ன பெட்ரோல் கார். பல கை மாறி அப்பாவிடம் வந்தது. அதற்கு முன் அப்பா லாரி ஓட்டினார். நான் பள்ளிக்கூடம் படித்த வருடங்களில் அப்பா என்றால் மாதத்தில் மூன்று நாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் விருந்தாளியிடம் சொல்வது போல "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவேனாம். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார். கார் வந்த பிறகுதான் அவர் ராத்திரியில் வீட்டில் படுக்கிற ஆளாக ஆனார். நாலு டீச்சர்களைக் காலையில் பெண்ணாடம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விட்டு மாலையில் கூட்டிவருவதுதான் காரின் நிலையான ஓட்டம். மற்றதெல்லாம் கிடைத்தால் உண்டு.

ஒரு வியாழக்கிழமை மாலை, முன்சீட்டில் உட்காரும் மூத்த டீச்சர் இறங்கும்போது சொன்னார். அவர் வீடு எங்கள் தெருவில்தான்; நானும் அம்மாவும் அப்போது வாசலில் நின்றிருந்தோம்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நேத்து என் பொடவைய மோந்து பாத்துட்டு, எண்ணெய்ச் சட்டியில வுழுந்து எழுந்தியான்னு எங்க வூட்டுக்காரரு கேக்கறாருங்க. பின்னால கதவு ரப்பரு போன எடத்து வழியா பொக முழுக்க உள்ள வருது. திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா நாங்க நாலு பேரும் ஸ்கூலு வேனுல சேந்துக்கறோம்."

"சரி பண்ணிடலாம் டீச்சர்" என்றார் அப்பா.

அன்றைக்கே பழைய லாரி முதலாளி போன் செய்தார். அவர் அடிக்கடி செய்கிறவர்தான். வடக்கே போக ஆள் இல்லை, வருகிறாயா என்று கேட்பார். அப்பா, முடியாதுங்க என்பார். அன்றைக்கு அப்பா, "திங்கக்கெழம சொல்றேங்க" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை என்ற சொல் இரண்டு தடவை விழுந்ததை நாங்கள் மூன்று பேரும் கேட்டிருந்தோம்.

மறுநாள் எங்கள் ஊர்ப் பாலக்கரைக்குப் பக்கத்தில் உள்ள மெக்கானிக்கிடம் போனோம். அப்பாவை அண்ணே என்று கூப்பிடுகிற மனிதர். இன்ஜின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சுண்ணே. இன்ஜின எறக்கணும். எறக்கி ஏத்தற வரைக்கும் இந்த வண்டி உசுரோட இருக்குமான்னு எனக்குத் தெரியாது. பேசாம ஒடைக்கிற கடையில வுட்டுடுங்க."

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வால்வு சீலா இருக்கலாமில்லண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

பாலிடெக்னிக்கில் படித்தது அது. இன்ஜினின் மேல்பாகத்தில், அதாவது ஹெட்டில், வால்வுகள் மேலும் கீழும் ஆடுகின்றன. அவற்றின் தண்டுக்கு எண்ணெய் வேண்டும், ஆனால் அந்த எண்ணெய் தண்டு வழியே கீழே எரிகிற அறைக்குள் இறங்கக் கூடாது. அதற்காகத் தண்டின் மேல் ஒரு சின்ன ரப்பர் குல்லா. அதுதான் சீல். அது காய்ந்து கட்டியானால், வண்டி சும்மா நிற்கிற நேரத்தில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கும். மறுபடி மிதிக்கும்போது அது எரிந்து நீலமாக வெளியே வரும். காலையில் வரும், கேட்டில் வரும், ஓடும்போது வராது. எங்கள் காருக்கு அப்படியே பொருந்தியது.

மெக்கானிக் சிரித்தார். "இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது? ரிங்காவும் இருக்கலாம். ரெண்டும் சேந்தும் இருக்கலாம். நீ படிச்சவன், நீ சொல்லு."

இந்த "நீ படிச்சவன்" என்பது எங்கள் வீட்டில் என் இன்னொரு பெயர். ரேஷன் கடையிலிருந்து வருகிற குறுஞ்செய்தி முதல் மிக்ஸி நின்றுபோவது வரை எதற்கும் அதுதான். அப்பா கையெழுத்துப் போடுவார், பஸ் போர்டைப் படிக்காமல் எழுத்தின் உருவத்தை வைத்தே தெரிந்துகொள்வார். அம்மாவுக்கு எண்கள் மட்டும். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டு அரசாங்கத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வால்வு படம் வரைவதில் எங்கள் வகுப்பில் நான் கெட்டிக்காரன். சீலை ஒரு சின்னக் கட்டமாகப் போட்டு, சாய்வுக் கோடுகளால் பென்சிலில் நிரப்பியிருக்கிறேன். தொட்டதில்லை. எங்களுக்குக் காட்டிய இன்ஜின் நடுவில் வெட்டி, சிவப்பும் பச்சையும் பெயிண்ட் அடித்துக் கண்ணாடிக்குள் வைத்தது.

"நானே மாத்தறேன்" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கு வரை தெரியவில்லை.

"ஹெட்டு கழட்டத் தெரியுமா?"

"ஹெட்டு கழட்டாம பண்ணலாண்ணே. ஸ்பார்க் பிளக்கு ஓட்ட வழியா கயிறு வுட்டு…"

"கயிறு வுட்டு? எதுக்கு, மாடு கட்டறதுக்கா?" கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆனால் பிளக் ஸ்பானரைத் தந்தார். "லாக்கு ஒண்ணு தெறிச்சு இன்ஜினுக்குள்ள போச்சுன்னு வையி, அப்புறம் எங்கிட்ட வராத. என்னால சிரிக்கக்கூட முடியாது."

உதிரிப் பொருள் கடையில் கொடுத்த பாக்கெட்டில் எட்டு சீல்கள் இருந்தன. எங்கள் இன்ஜினில் வால்வுகள் ஆறு. "ரெண்டு சேத்து இருந்தா வேணாம்னா சொல்லுவ?" என்றார் கடைக்காரர். வேறு வண்டிக்கானதைக் கொடுத்துவிட்டாரோ என்று வழியெல்லாம் ஒரே யோசனை.

சனிக்கிழமை காலை வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஆரம்பித்தோம். கயிறு என்று நான் சொன்னது கேலிக்குரிய விஷயமல்ல. வால்வைத் தூக்கிப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்கை எடுத்தால் வால்வு கீழே இன்ஜினுக்குள் விழுந்துவிடும். அதனால் பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றை உள்ளே திணித்து, இன்ஜினைக் கையால் சுற்றினால், பிஸ்டன் மேலே வந்து அந்தக் கயிற்றுச் சுருளை வால்வுக்கு அடியில் மெத்தை மாதிரி அழுத்தி நிற்கும். ஒரு சிலிண்டர் முடித்து அடுத்தது. எனக்குக் கிடைத்த மெல்லிய நூல்கயிறு அம்மாவின் கொடிக்கயிறு.

"கொடியவா அவுத்த? ஈரத் துணிய எங்க, உங்கப்பாரு தலையிலயா காயப்போடறது?" என்று கேட்டுவிட்டு அம்மா வேலைக்குக் கிளம்பினாள். அவள் செராமிக் யூனிட் ஒன்றில் அகல் விளக்குகளைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி எடுக்கிற வேலை பார்க்கிறாள். கார்த்திகை மாதம் என்பதால் சனிக்கிழமையும் வேலை இருந்தது. விளிம்பு உடைந்தது, கிளேஸ் வழிந்தது என்று கழித்துப்போட்ட அகல்கள் எங்கள் வீட்டில் ஒரு கூடை எப்போதும் இருக்கும். கழற்றுகிற சாமான்கள் கலந்துவிடாமல் வைக்க எனக்கு அவை தோதாக இருந்தன. வால்வுக்கு ஓர் அகல் என்று வரிசையாக வைத்தேன்.

ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பவை லாக்குகள். வால்வு ஒன்றுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். வெல்டிங் கடையில் ஓட்டை போட்டுத் தந்த இரும்புப் பட்டையால் அப்பா ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்க, நான் கிரீஸ் தொட்ட இடுக்கியால் லாக்கை எடுத்தேன். முதல் சீல் கருகிய வடகம் மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினதும் நொறுங்கியது.

"அப்ப நீ சொன்னதுதானாடா?" அப்பாவுக்குக் குரலே மாறிவிட்டது.

"ஆமாம்பா."

இரண்டாவது சீல் ரப்பர் ரப்பராகவே இருந்தது. மூன்றாவதும் அப்படியே. நான் சட்டென்று கீழே போட்டேன். அப்பா குனிந்து எடுத்து விரலிடுக்கில் வளைத்துப் பார்த்தார்.

"இது நல்லாத்தானடா இருக்குது?"

"பாத்தா அப்படித்தாம்பா இருக்கும்."

அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாலாவது மறுபடி நொறுங்கியது. இரண்டு நல்லது, இரண்டு கெட்டது என்றால் என்ன அர்த்தம்? அத்தனை புகைக்கு இரண்டே சீல் போதுமா? மெக்கானிக் சொன்ன ரிங்தானோ? அப்பா பட்டையை அழுத்திப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலையில் கவனமாக இருப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சிலிண்டரிலும் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. அவற்றை எடுத்துப் புது சீல்களை மாட்டியபோது வெளிச்சம் இறங்கிவிட்டது. ஸ்பிரிங்கும் லாக்கும் மாட்டுவதுதான் பாக்கி. டீ குடித்துவிட்டு வரலாம் என்று கை கழுவப் போனோம். திரும்பி வந்தால் மூன்றாவது சிலிண்டருக்கான இரண்டு அகல்களைக் காணோம். அவை வாசலில், கோலத்துக்கு இரண்டு பக்கமும் எரிந்துகொண்டிருந்தன.

"அம்மா! என்னாம்மா பண்ண?"

"என்னா பண்ணேன்? கார்த்திக மாசம் வெளக்கு வெக்கிற நேரத்துல வெளக்குல கிரீஸ வெச்சிருக்கீங்க அப்பனும் புள்ளையும். தொடச்சுட்டு ஏத்தனேன். உன் சாமான் பேப்பர்ல இருக்குது பாரு."

பேப்பரில் மூன்று லாக்குகள் இருந்தன.

"நாலு இருந்துச்சும்மா."

"மூணுதான் இருந்துச்சு."

"நாலும்மா. ஒரு வால்வுக்கு ரெண்டு."

"டேய், ஒரு நாளைக்கு எத்தன அகலு எண்ணி அடுக்கறேன் தெரியுமா? எனக்கு எண்ணத் தெரியாதா? மூணு."

அம்மா எண்ணுவதில் தவற மாட்டாள். நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன்; யோசிக்க யோசிக்க, நாலு இருக்க வேண்டும் என்பது தெரியுமே தவிர நாலைப் பார்த்த நினைவு இல்லை. கடைசி லாக்கை எடுத்தபோது டிங் என்று ஏதோ கேட்டது. அது இடுக்கியா, லாக்கா? வால்வுகளுக்குப் பக்கத்தில் எண்ணெய் இறங்குகிற ஓட்டைகள் உண்டு. முதல் இரண்டு சிலிண்டருக்கும் அவற்றில் துணி அடைத்தேன். மூன்றாவதற்கு அடைத்தேனா? போய்ப் பார்த்தேன். துணி இல்லை. அடைத்து எடுத்தேனா, அடைக்கவே இல்லையா?

உள்ளே விழுந்திருந்தால், இன்ஜினை ஓட்டின மறுநிமிடம் அது எதில் சிக்கும் என்று சொல்ல முடியாது. அப்புறம் உடைக்கிற கடைதான்.

ஞாயிறு விடிந்ததும் எண்ணெயை முழுக்க இறக்கி, அம்மாவின் பழைய நூல்புடவையில் வடிகட்டினோம். கறுப்பாக, தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. ஒன்றும் இல்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை உடைத்து எடுத்து, அதில் ஒரு துண்டை நூலில் கட்டி ஓட்டை வழியாக இறக்கினேன். மீன் பிடிப்பது போல எவ்வளவோ நேரம் உட்கார்ந்திருந்தேன். இரும்புத் தூள் கொஞ்சம் வந்தது. அது இருக்க வேண்டியதா, இருக்கக் கூடாததா?

"இன்ஜினுக்கு அடியில எண்ணெய் நிக்கிற பாத்திரத்தக் கழட்டிப் பாக்கலாம்பா" என்றேன்.

அப்பா எழுந்து உள்ளே போனார். லாரி முதலாளியிடம் போனில் பேசுவது கேட்டது. "நாளைக்குக் காலையில சொல்றேங்க… ஆமாங்க… லோடு எது வரைக்கும் போவுது?" போகிற இடத்தை அவர் இதுவரை கேட்டதே இல்லை. திரும்பி வந்தபோது தோளில் லாரிக்கு எடுத்துப் போகிற கட்டம் போட்ட கம்பளிப் போர்வை இருந்தது. அதைக் காரின் கூரை மேல் விரித்து வெயிலில் போட்டார். நான் நூலைப் பிடித்துக்கொண்டு அந்தப் போர்வையைப் பார்த்தேன். என்ன செய்வது என்று உண்மையாகவே தெரியவில்லை.

குழாயடியில் முந்தின நாள் விளக்குகளைக் கரி சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்த அம்மா கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா. இது என்னா பாரு."

பழுப்பு கிளேஸ் அகலின் அடியில், கிரீஸோடு ஒட்டிக்கொண்டு, அதே பழுப்பாக, நகத்துண்டு மாதிரி அந்த நாலாவது லாக். இவள் துணியால் துடைத்து எண்ணெய் ஊற்றித் திரி போட்டபோதும் அது அசையாமல் அங்கேயே இருந்திருக்கிறது. ராத்திரி எங்கள் வாசலில் எரிந்தது அதன் மேல்தான்.

"மூணுன்ன?"

"கண்ணுக்குத் தெரிஞ்சது மூணுதானே. நான் பொய்யா சொன்னேன்?" என்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா தலையில் கை வைத்தபடி படியில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, தோள்கள் குலுங்கின.

என்னால் சிரிக்க முடியவில்லை. நெருப்பில் இருந்த இரும்பு இனி உதவுமா? சூடு பட்டால் கடினம் குறையும், நிறம் மாறும், முதலில் வைக்கோல் நிறம், பிறகு நீலம் என்று படித்திருக்கிறேன். எவ்வளவு சூட்டில் என்பது நினைவுக்கு வரவில்லை. கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வந்தது.

"அகலு எரியறப்ப அடியில கைய வெச்சுப் பாத்திருக்கியா? தூக்கிட்டுப் போலாம். எண்ணெய் இருக்கற வரைக்கும் அடி காயாது."

"எண்ணெய் தீந்தப்புறம்?"

"தீர்றதுக்குள்ள நான்தான் அணைச்சனே. சூளையில வெந்த கிளேஸுக்கே ஒண்ணும் ஆவல, உன் இரும்புக்கு என்னா வந்துச்சு?"

லாக்கைத் துணியால் தேய்த்து, அதன் ஜோடியோடு சேர்த்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீலம் இல்லை. வைக்கோல் நிறம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மெக்கானிக் கடை ஞாயிறு திறக்காது. மாட்டிவிட்டேன்.

புது எண்ணெய் ஊற்றி, எல்லாவற்றையும் மூடி, பிற்பகலில் அப்பா சாவியைத் திருப்பினார். மூன்றாவது முயற்சியில் இன்ஜின் பிடித்தது. கூடவே புகையும். இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரிப் புகை. எதிர்வீட்டு அக்கா ஜன்னலைப் படார் என்று சாத்தினார். பைக்கில் அந்தப் பக்கம் போன மெக்கானிக், புகையைப் பார்த்தே வந்திருக்க வேண்டும், காலை ஊன்றி நின்றார்.

"என்னா இன்ஜினியரு, கல்யாணத்துக்குச் சமைக்கறியா?"

"எல்லாம் மாத்திட்டண்ணே. அப்பவும் வருது."

அவர் இறங்கி வந்து காது கொடுத்துக் கேட்டார். "சத்தம் நல்லாத்தான் இருக்குது. சைலன்சருல பழைய எண்ணெய் ஊறிக் கெடக்கும், அது எரியணும். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வா. அப்பவும் வந்தா ரிங்கு" என்றார். பைக்கில் ஏறிய பிறகு திரும்பினார். "கயிற வெளிய எடுத்தல்ல?"

எடுத்திருந்தேன். இருந்தாலும் ஓடிப்போய்க் கொடிக்கயிறு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஆலடி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டினோம். புகை குறைந்த மாதிரி இருந்தது. நான் பின்சீட்டில் மண்டியிட்டுப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிறகு அப்பா வண்டியைக் கேட்டுக்கு விட்டார். சரக்கு ரயில் ஒன்று போய்க்கொண்டே இருந்தது. இன்ஜின் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எண்ணெய் இறங்குகிறதா, இறங்கவில்லையா? கேட்டைத் தூக்கினார்கள். அப்பா மிதித்தார். அதே நேரம் பக்கத்தில் நின்ற கரும்பு லாரியும் மிதித்தது. கேட் முழுக்கப் புகை.

"நம்முளதா?"

"தெரியலப்பா!"

"நல்லா பாருடா!"

"லாரியில இருந்தும் வருதுப்பா. எது நம்முளதுன்னு தெரியல."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். என்ன கத்தினான் என்று கேட்கவில்லை. "நம்மளயா திட்டறான், லாரியயா?" என்று அப்பா கேட்டார். வீட்டுக்கு வந்தோம். போர்வை மடிக்கப்பட்டு, ஆணியில் தொங்கிய லாரிப் பையின் மேல் இருந்தது.

திங்கட்கிழமை விடிகாலையில் பனி இறங்கியிருந்தது. ராத்திரி முழுக்க நின்ற இன்ஜினை முதலில் கிளப்புகிற அந்த ஒரு தடவையில்தான் உண்மை தெரியும். அப்பா உட்கார்ந்தார். நான் பின்னால், குழாய்க்கு நேராகக் குந்தினேன். இன்ஜின் பிடித்ததும் வெளியே வந்தது. வெள்ளையாக. பனிக்குள் அது எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை.

"வருதாடா?"

"ஏதோ வருதுப்பா."

"பொகயா?"

குளிரில் நீராவியும் வரும். அது குற்றமில்லை. எண்ணெய்ப் புகை என்றால் நீலம், வாசனை வேறு. மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். இரண்டு நாளாக எண்ணெயிலேயே கிடந்த மூக்கு. சோற்றில்கூட எனக்கு எண்ணெய்தான் அடித்தது. நீலமா? விடிகிற நேரத்தில் எல்லாமே நீலமாகத்தான் இருந்தது. அப்பாவின் சட்டைப் பையில் போன் அடிக்க ஆரம்பித்தது. அவர் எடுக்கவில்லை. இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"சொல்லுடா. நீ படிச்சவன்ல."

அதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை, கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அம்மா உள்ளேயிருந்து ஒரு வெள்ளைச் சாஸரைக் கொண்டுவந்தாள். ஒரு தடவை மட்டும் சூளையில் வெந்து, இன்னும் கிளேஸ் ஏற்றாத சாமான். அவர்கள் யூனிட்டில் அதற்கு பிஸ்கட் என்று பெயர். தண்ணீர் பட்டால் உடனே உறிஞ்சிக்கொள்ளும். நாக்கை வைத்தால் நாக்கையே பிடித்துக்கொள்ளும். கரித்துணியால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அதைக் குழாய்க்கு நேராகக் காட்டினாள்.

"என்னாம்மா பண்ற?"

"எண்ணெய்க் கை பட்ட பிஸ்கட்டுல கிளேஸு புடிக்காதுடா. எத்தன பொண்ணுங்க தேங்காண்ணெ தடவுன கையோட தொட்டுத் திட்டு வாங்கியிருக்காங்க. தண்ணின்னா காஞ்சு போவும். எண்ணெய்ன்னா போவாது. கொஞ்சம் பேசாம இரு."

சாஸரின் நடுவில் ஈரம் வட்டமாகப் படர்ந்தது. அவள் அதை எடுத்துத் திண்டின் மேல் வைத்தாள். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். போன் நின்று, மறுபடி அடித்தது. வட்டம் ஓரத்திலிருந்து சுருங்கியது. ஒரு ரூபாய் அளவு, கடலை அளவு, பிறகு இல்லை. ஓர் ஓரத்தில் மட்டும் கறுப்பாகப் புள்ளி ஒன்று நின்றது.

"அது என்னா?" என்றேன்.

அம்மா விரலை நாக்கில் தொட்டு அந்தப் புள்ளியின் மேல் வைத்தாள். விரலை எடுத்ததும் ஈரம் உள்ளே போய்விட்டது. "கரி. எண்ணெயா இருந்தா ஈரத்தக் குடிக்காது, மேலயே நிக்கும்." பையை எடுத்துக்கொண்டு, "எனக்கு நேரமாச்சு" என்று போயே போய்விட்டாள்.

அப்பா போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லிடு. டீச்சருங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"என்னான்னு சொல்றதுப்பா?"

அவர் அதற்குள் கார்க் கதவைச் சாத்திவிட்டார்.

"ஏன்யா, எத்தன வாட்டி அடிக்கிறது?" என்றது லாரி முதலாளியின் குரல். "வரியா வரலியா?"

"நான் அவரு பையன் பேசறேங்க."

"அவரு எங்க?"

கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னால் ஏதோ வெள்ளையாக வந்துகொண்டுதான் இருந்தது. ஆறு சீல்களில் பாதி ஏன் நன்றாக இருந்தன, பாக்கெட்டில் எட்டு ஏன் இருந்தன, விளக்கில் எரிந்த லாக் எத்தனை நாள் தாங்கும், ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியாது. சாஸரைப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

"அப்பா வர மாட்டாருங்க" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தாங்க."

போனை வைத்துவிட்டுக் கொடிக்கயிற்றை எடுத்து மறுபடி கட்டினேன். அதில் எண்ணெய் வாசனை அடித்தது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.